சந்தனம் வைத்த மீட்டர்

உள்ளே வாருங்கள் சுகந்தி. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும், இதில் உட்காருங்கள். பையில் என்ன, முருங்கைக்காயா? வாசலிலேயே இருக்கட்டும், போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள். தவறாக நினைக்காதீர்கள். நாளைக்கு நான் சாட்சி. சாட்சி சொல்லப் போகிறவள், விசாரிக்கப்படுகிறவர் வீட்டு முருங்கைக்காயில் சாம்பார் வைத்துச் சாப்பிட்டாள் என்ற பேச்சு எனக்கு வேண்டாம். நான் வெளிப்படையாகப் பேசுகிறவள். முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். பிறகு மனத்தில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டேன். ஆலையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கேட்டுத்தான் இருப்பீர்கள்.

நீங்கள் வந்த காரியத்தை நானே சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை ஆலையில் உங்கள் கணவர் நாச்சிமுத்துவின் மேல் விசாரணை. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கும்போது சட்டைப்பையில் மாட்டிக்கொள்ளும் நச்சுவாயு மீட்டரில் சந்தனத்தை அப்பி, அதன் துளையை அடைத்து, அதைச் செயலிழக்கச் செய்தார் என்பது குற்றச்சாட்டு. அது நிரூபணமானால் வேலை போய்விடும். உடம்பு இப்படிக் கெட்டுப்போன ஆளை வேறு எந்த ஆலைக்காரனும் கேட்டுக்குள் விடமாட்டான். ஆகவே, 'சந்தனம் வைக்கச் சொன்னது நான்தான்' என்று அங்கே வந்து நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதானே? பார்த்தீர்களா, முடிந்துவிட்டது. உங்கள் ஊர்க்காரர்கள் இதைச் சொல்வதற்குள் இரண்டு தடவை காபி ஆறிப்போயிருக்கும்.

பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் கொஞ்சம் கேட்க வேண்டும். இந்த ஆலைக்கு நான் என்ன செய்தேன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மங்கையர்க்கரசி என்றால் கையில் ஒரு பேனாவும் முகத்தில் ஒரு முறைப்பும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் அப்படித்தானே கேள்விப்பட்டிருப்பீர்கள்? இல்லையென்று தலையாட்ட வேண்டாம்.

நான் சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை. பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பு. அதன்மேல் தொழிலகப் பாதுகாப்பில் ஒரு பட்டயம். நான் வந்த அன்று உங்கள் ஆலை எப்படி இருந்தது தெரியுமா? தீயணைக்கும் மணல்வாளியில் வெற்றிலைச் சாற்றைத் துப்பி வைத்திருந்தார்கள். பெல்ட்டில் கை சிக்காமல் இருப்பதற்காகப் போட்டிருந்த கம்பிவலை மூடியைக் கழற்றி அதில் துண்டு காயப் போட்டிருந்தார்கள். ஆசிட்டைப் பெயிண்ட் டப்பாவில் மொண்டு, செருப்பில்லாத காலோடு, ஏதோ மோர் கொண்டு போகிற மாதிரி கொண்டு போனார்கள். முதலுதவிப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு குங்குமப் பொட்டலமும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் இருந்தன. வேறொன்றும் இல்லை.

முதலாளி சென்னியப்பனுக்கு இதெல்லாம் கவலையே இல்லை. வெளிநாட்டில் நம் துணியை வாங்குகிறவன், 'தொழிலாளர் உடல்நலம், பாதுகாப்பு, சுற்றுச்சூழல் மூன்றுக்கும் ஒரு முறையான மேலாண்மை அமைப்பு வேண்டும், அதற்குச் சான்றிதழ் வேண்டும், இல்லாவிட்டால் ஆர்டர் இல்லை' என்று சொல்லிவிட்டான். அதற்குத்தான் நான். வந்த முதல் நாளே முதலாளி என்னை அறைக்குள் கூப்பிட்டு, "ஏனுங்க மேடம், பக்கத்து மில்லுக்காரரு கோயமுத்தூர்ல யார்கிட்டயோ ரெடிமேடா வாங்கிப் பேரை மட்டும் மாத்திக்கிட்டாருங்களாம். நாமளும் அப்படியே பண்ணிக்கலாமுங்களா?" என்றார். அந்தப் பக்கத்து மில் கையேட்டை நான் பார்த்திருக்கிறேன். அதில் பனிப்பொழிவு நாட்களில் வண்டி ஓட்டுவது எப்படி என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. பெருந்துறையில் பனிப்பொழிவு. நான் முடியாது என்றேன். ஒவ்வொரு வரியும் நானே எழுதுவேன் என்றேன். எழுதினேன்.

தமிழில் எழுதினேன் சுகந்தி. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஆலையிலும் செய்யாத காரியம். படிக்கப்போகிறவன் தமிழன் என்றால் கையேடும் தமிழில்தானே இருக்க வேண்டும்? 'இடர் இனங்காணல்.' 'அடைபட்ட வெளி நுழைவு அனுமதி.' 'தனிநபர் காப்புக் கருவிகள்.' எத்தனை சொற்களைத் தேடித் தேடி எடுத்தேன். கொடுத்தேன். ஒருவரும் படிக்கவில்லை. உங்கள் கணவர் நான் எடுத்த பாதுகாப்பு வகுப்பிலே எழுந்து நின்று, "மேடம், இதைத் தமிழ்ல சொல்லுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மொழியைத் தாழ்த்தினால் விதியும் தாழ்ந்துவிடும் என்று சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள்.

உங்கள் கணவர் அப்படித்தான். நல்ல வேலைக்காரர், மறுக்கவில்லை. கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று வரைபடம் இல்லாமல் சொல்வார். ஆனால் வாய். அந்த வாய் இருக்கிறதே! நச்சுவாயு மீட்டர் வாங்கிக் கொடுத்த அன்று அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொட்டி மூடியைத் திறந்ததும் அது கீச்சுக் கீச்சென்று கத்தியது. கத்தத்தான் வேண்டும், அழுகிய முட்டை வாடை அடிக்கிற அந்த வாயு கொஞ்சம் அதிகமானாலே ஆளை அடித்துப் போட்டுவிடும். உங்கள் கணவர் உடனே அதற்கு 'மாமியா' என்று பெயர் வைத்துவிட்டார். 'எதுக்கெடுத்தாலும் கத்துது, எந்நேரமும் கூடவே வருது, கழட்டி வெச்சா மெமோ குடுக்குது.' ஆலை முழுக்க அதே பேச்சு. மாமியா வருது, மாமியா வருது என்று நான் நடந்து போகிற பக்கமெல்லாம் கேட்கும். கருவியைத்தான் சொன்னார்கள். ஒரு கருவியின்மேல் இவ்வளவு வெறுப்பா என்று எனக்கே வருத்தமாக இருந்தது.

ஒரு நாள் போய்ப் பார்க்கிறேன், உங்கள் கணவர் தொட்டிக்குள்ளே நிற்கிறார், மீட்டர் வெளியே வேப்பமரக் கிளையில் தொங்குகிறது. காற்றோட்டமாக, நிம்மதியாகத் தொங்குகிறது. "இங்க இருந்தா கத்தாதுங்க மேடம்" என்கிறார். நான் என்ன செய்தேன் என்று அவர் உங்களிடம் சொன்னாரா? சொன்னாரா? நல்லது. ஆம், ஷிப்டு மாறுகிற நேரத்தில் கேட்டருகே நிற்க வைத்து, கையேட்டில் மீட்டர் பற்றிய அத்தியாயத்தை எல்லோர் முன்னாலும் உரக்கப் படிக்கச் சொன்னேன். எழுத்துக்கூட்டித்தான் படித்தார். யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஒருவரும் என்னிடம் ஒரு குறையும் சொன்னதில்லை. அதற்கு முன்னால், படி வழுக்குகிறது, விளக்கு எரியவில்லை, குழாய் ஒழுகுகிறது என்று வந்து நிற்பார்கள். அதன்பிறகு ஒன்றுமில்லை. அமைப்பு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று அதற்குப் பொருள்.

ஆனாலும் அச்சத்தால் மட்டும் ஓர் அமைப்பு நிற்காது என்பது எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். மதிப்பு வர வேண்டும். அந்தக் கருவியைக் கையில் எடுக்கும்போது மனத்தில் ஒரு மதிப்பு வர வேண்டும். இவர்கள் எதை மதிக்கிறார்கள் என்று யோசித்தேன். முதலாளியை? பயப்படுகிறார்கள். என்னை? சரி, அதை விடுங்கள். அப்போதுதான் ஆயுதபூஜை வந்தது.

ஆயுதபூஜை அன்று இதே ஆட்களைப் பார்த்திருக்கிறீர்களா? வருடம் முழுக்க எண்ணெய்ப்பிசுக்கோடு கிடக்கிற எந்திரத்தைப் பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டுவது போலக் குளிப்பாட்டுகிறார்கள். ஸ்பானருக்குப் பொட்டு. பம்புக்கு மாலை. காலில் செருப்போடு யாராவது அந்தப் பக்கம் போனால் அடிக்க வருகிறார்கள். நான் சொன்ன எந்த விதிக்கும் கட்டுப்படாதவர்கள், இதற்கு யாரும் சொல்லாமலே கட்டுப்படுகிறார்கள். பார்த்துக்கொண்டே இருந்தேன். பளிச்சென்று தோன்றியது. இந்த வரிசையில் ஒரு பாதுகாப்புக் கருவிகூட இல்லையே! தலைக்கவசம் இல்லை, இடுப்புவார் இல்லை, மீட்டர் இல்லை. கும்பிடாததை எப்படி மதிப்பார்கள்?

உடனே சொன்னேன். எல்லாவற்றையும் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால், முதல் வரிசையில் வையுங்கள் என்றேன். வைத்தார்கள். உங்கள் கணவர்தான் மீட்டரைக் கொண்டுவந்து வைத்தார். கையில் சந்தனக் கிண்ணத்தோடு என்னைப் பார்த்து, "மாமியாளுக்கும் வெச்சுப்போடலாமுங்களா மேடம்?" என்று கேட்டார். கிண்டல்தான். நான் கிண்டலைக் கண்டுகொள்ளாமல், "தாராளமாக வையுங்கள், மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் முதலில் வைக்க வேண்டும்" என்றேன். வைத்தார். குங்குமமும் வைத்தார். அந்தச் சின்ன மஞ்சள் டப்பாவைப் பார்க்க எனக்கே கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அன்றைக்கும் நான் விதியை விட்டுக்கொடுக்கவில்லை. கேட்டில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைக்கப் போனார்கள். சாலையில் உடைத்தால் வண்டி வழுக்கும், ஆள் விழும். தட்டில் வைத்து உடையுங்கள் என்றேன். தட்டில் உடைத்தார்கள். அரைமனத்தோடுதான். பூசணிக்காயைத் தட்டில் உடைத்த ஒரே ஆலை நம்முடையதாகத்தான் இருக்கும்.

அடுத்த வாரமே சான்றிதழ்க்காரர் தணிக்கைக்கு வந்தார். மும்பைக்காரர். அதற்குள் கையேட்டில் ஓர் அத்தியாயம் சேர்த்துவிட்டேன். 'பண்பாட்டுவழிப் பாதுகாப்பு' என்று தலைப்பு. கருவிக்கும் தொழிலாளிக்கும் இடையில் ஒரு பற்றை உருவாக்க வேண்டும், வழிபாடு அதற்கு ஒரு பாலம், பூஜை நாளோடு நில்லாமல் அந்தப் பற்று தொடர வேண்டும் என்றெல்லாம் விரிவாக எழுதியிருந்தேன். அந்த மனிதர் எத்தனை ஆலை பார்த்தவர்! நான் இதை ஆங்கிலத்தில் படித்துச் சொன்னதும் எழுந்து நின்று கை கொடுத்தார். படம் எடுத்துக்கொண்டார். சிறந்த நடைமுறை என்று அறிக்கையில் தனியாகக் குறிப்பிட்டார்.

சான்றிதழ் வந்தது. விழா நடந்தது. முதலாளிக்குப் பொன்னாடை. முதலாளியின் மாமனாருக்குப் பொன்னாடை. கோயம்புத்தூரிலிருந்து வந்து ஒரே ஒரு நாள் உட்கார்ந்துவிட்டுப் போன ஆலோசகருக்குப் பொன்னாடை. எனக்கு இரண்டாவது வரிசையில் நாற்காலி. நன்றியுரையில் என் பெயரை 'மங்கை மேடம் மற்றும் குழுவினர்' என்றார்கள். குழு எங்கே இருந்தது? யார் அந்தக் குழு? நான் ஒருத்தி உட்கார்ந்து கண் எரிய எரிய எழுதியதற்கு ஒரு 'மற்றும்'. வீட்டுக்கு வந்து கொடுத்தனுப்பிய இனிப்புப் பெட்டியைப் பிரித்தேன். வாட்ச்மேனுக்குக் கொடுத்த அதே பெட்டி. நான் வாட்ச்மேனைக் குறைத்துச் சொல்லவில்லை. அளவைச் சொல்கிறேன்.

சரி, அதை விடுங்கள். உங்களுக்கு வேண்டியது சந்தனம்.

வெள்ளிக்கிழமைதோறும் உங்கள் கணவர் அந்த மீட்டருக்குச் சந்தனம் வைக்க ஆரம்பித்தார். யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன் என்கிறீர்கள். நான் சொன்னது ஆயுதபூஜை அன்று. கையேட்டில் தொடர வேண்டும் என்று எழுதியது பற்று. சந்தனம் தொடர வேண்டும் என்று எழுதவில்லை. வேறுபாடு தெரிகிறதா? ஆனால் அவர் வைத்தார். வேப்பமரத்தில் தொங்கவிட்ட அதே ஆள், இப்போது அதைத் துடைத்து, பொட்டு வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டையில் மாட்டிக்கொள்கிறார். கிண்டலும் நின்றுவிட்டது. மாமியா என்று சொல்வதையே விட்டுவிட்டார், மீட்டரம்மா என்றார். வெள்ளிக்கிழமைகளில் சுற்றிப்பார்க்கப் போகும்போது இதைப் பார்ப்பேன். பார்த்து எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது தெரியுமா? மனித நடத்தையை மாற்றுவதுதான் இந்தத் துறையிலேயே கடினமான வேலை என்று எங்கள் பேராசிரியர் சொல்வார். நான் மாற்றிக் காட்டினேன். சந்தனத்தின்மேல் சந்தனம் காய்ந்து, அந்த மீட்டரின் முகமே பாதி மறைந்திருந்தது. அவ்வளவு பற்று.

என்ன கேட்டீர்கள்? "அந்தத் தொளை எதுக்குன்னு அவருக்குத் தெரியுமுங்களா" என்றா? வகுப்பில் படம் போட்டுக் காட்டினேனே சுகந்தி. அம்புக்குறி போட்டு 'உணரி நுழைவாய்' என்று தெளிவாக எழுதியிருந்தது. அதன் வழியாகத்தான் காற்று உள்ளே போக வேண்டும். அதை அடைத்தால் மீட்டர் வெறும் டப்பா, எப்போதும் சைபர்தான் காட்டும். இது ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். உணரி நுழைவாய் என்றால் என்ன என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டருகே அப்படிப் படிக்க வைத்த பிறகு அவர் வகுப்பில் எதுவுமே கேட்டதில்லை.

மீட்டரைத் தினமும் சோதிக்க வேண்டாமா என்று பிற்பாடு நீங்கள் யாரிடமாவது கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சோதனை வாயு என்று சின்ன சிலிண்டரில் வரும். அதைக் காட்டினால் மீட்டர் கத்த வேண்டும். கத்தாவிட்டால் கெட்டுவிட்டது என்று பொருள். ஒவ்வொரு முறை இறங்குவதற்கு முன்னாலும் இதைச் செய்ய வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருக்கிறேன். முதலாளி அந்த சிலிண்டரை வாங்கித் தரவில்லை. எத்தனை முறை கேட்டேன்! அது இல்லாமல் எப்படிச் சோதித்தோம் என்றால், பொத்தானை அழுத்துவோம், விளக்கு எரியும், 'சோதிக்கப்பட்டது' என்று போடுவோம். போடாவிட்டால் சான்றிதழ் வராது. இது முதலாளியின் தவறு. என் தவறு அல்ல. என் கையேட்டில் சரியாகத்தான் இருக்கிறது.

இப்போது அந்த நாள். கார்த்திகை மாதம். தொட்டியின் அடியில் சேறு கட்டி மோட்டார் நின்றுவிட்டது. ஆள் இறங்கித்தான் எடுக்க வேண்டும். அனுமதிச் சீட்டில் நான்தான் கையெழுத்துப் போட வேண்டும், நேரில் போய்த்தான் போட வேண்டும் என்பது நான் வகுத்த விதி. போனேன். மற்ற இடங்களில் அதிகாரிகள் அறையில் உட்கார்ந்து போட்டுவிடுகிறார்கள். நான் தொட்டியின் வாயருகே நின்றேன்.

மூடியைத் திறந்தார்கள். உங்கள் கணவர் இடுப்புவார் கட்டிக்கொண்டு, கயிற்றை மாட்டிக்கொண்டு, எல்லாம் முறைப்படி. ஏணியில் கால் வைத்தவர் நின்றுவிட்டார்.

"மேடம், வாடை கொஞ்சம் ஜாஸ்தியா அடிக்குதுங்க" என்றார்.

நான், "மூக்கை நம்பக் கூடாது என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருக்கிறேன்? மீட்டர் என்ன காட்டுகிறது?" என்று கேட்டேன்.

"சைபருங்க."

"பிறகென்ன?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மீட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இறங்கினார்.

வாடை எனக்கும் அடித்தது. நான் மறைக்கவில்லை, வெளிப்படையாகச் சொல்கிறேன். கைக்குட்டையை வைத்துக்கொண்டுதான் நின்றேன். ஆனால் என் மூக்கை வைத்து நான் முடிவெடுத்தால் பிறகு அவர்களிடம் எந்த முகத்தோடு வகுப்பு எடுப்பது? ஓர் அமைப்பை உருவாக்கியவள் அந்த அமைப்பை நம்ப வேண்டும். அதுதான் நேர்மை.

பாதி ஏணிகூட இறங்கியிருக்க மாட்டார். கை நழுவியது. சத்தமே இல்லை. ஒரு மூட்டை விழுவது போல. மேலே நின்றவர்கள் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். முக்காலியில் கப்பி மாட்டி, இடுப்புவாரில் கயிறு கட்டித்தான் யாரையும் இறக்க வேண்டும் என்று எழுதியது யார்? நான். அந்தக் கயிறு இல்லாவிட்டால் அவரைத் தூக்க இன்னொருவன் இறங்கியிருப்பான், அவனைத் தூக்க இன்னொருவன். இந்தத் தொழிலில் அப்படித்தான் வரிசையாகப் போவார்கள். உங்கள் கணவர் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார் என்றால் அது என் கையேட்டால். இதை இதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை. இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் உங்களைப் பார்க்க வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நினைவிருக்கிறதா? நான் ஆரஞ்சுப் பழத்தோடு வந்திருந்தேன்.

அழ வேண்டாம். தண்ணீர் தரட்டுமா? சரி.

பிறகு மீட்டரைப் பிரித்துப் பார்த்தார்கள். துளை முழுக்கச் சந்தனம், கல்லாக இறுகிப்போய். முதலாளி என்னைக் கூப்பிட்டார். அறையில் அவரும் வக்கீலும் மட்டும். அதட்டவெல்லாம் இல்லை. உட்காரச் சொல்லி இளநீர் கொடுத்தார். "மேடம், வாங்கறவங்க மறுபடியும் ஆளனுப்பறாங்களாமுங்க. பொஸ்தகத்துல சாமி, பூஜைன்னு என்னமோ எழுதியிருக்கீங்களாமே, அது இருந்தா நல்லாருக்குங்களா?" என்றார். நான் அதற்கு முன்பே யோசித்துவிட்டேன். ஓர் அமைப்பு என்றால் தொடர்ந்து மேம்பட வேண்டும். விபத்து நடந்தால் கற்றுக்கொண்டு திருத்த வேண்டும். உலகமெங்கும் அதுதான் விதி. திருத்தினேன். அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். பழைய கையேட்டுப் படிகளையெல்லாம் திரும்ப வாங்கி அழித்தேன். அதுவும் விதிதான், காலாவதியான படி ஒன்றுகூட யார் கையிலும் இருக்கக் கூடாது. புதிய கையேட்டில், 'பாதுகாப்புக் கருவிகளின்மேல் எந்தப் பொருளையும் பூசுதல் தண்டனைக்குரியது' என்று ஒரு வரி சேர்த்தேன். மிகத் தெளிவான வரி. ஒரு சொல் கூட்ட முடியாது, குறைக்க முடியாது.

அந்த மாதம்தான் எனக்கு மேலாளர் பதவி வந்தது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அது முன்பே வர வேண்டியது, தாமதமாக வந்தது. அதிலும் பாருங்கள், அறை கொடுத்தார்கள், ஏசி கொடுக்கவில்லை.

யாரும் என்னோடு பேசுவதில்லை சுகந்தி. உங்களுக்கு உங்கள் கஷ்டம். என் கஷ்டத்தை யார் கேட்கிறார்கள்? கேன்டீனில் நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. முன்பாவது மாமியா, மாமியா என்று ஏதோ சத்தம் கேட்கும். இப்போது அதுவும் இல்லை. ஆயிரம் நல்லது செய்தவளைப் பார்த்து ஒருவன் வணக்கம் சொல்வதில்லை. நாச்சிமுத்துவுக்கு மட்டும் எல்லோரும் பாவம் பார்க்கிறார்கள். நான் பாவமில்லையா?

என்ன? கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.

"இப்ப எங்கிட்ட சொன்னீங்களே, இதை அப்படியே அங்க வந்து சொன்னாப் போதுமுங்க மேடம். வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

புரியவில்லையே உங்களுக்கு. விசாரணை என்பது கதை கேட்கிற இடம் அல்ல. அங்கே நானாக எதையும் பேச முடியாது. அவர்கள் கேட்பார்கள், நான் பதில் சொல்ல வேண்டும். என்ன கேட்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும், அந்த வக்கீல் நேற்றே சொல்லிவிட்டார். மீட்டரில் சந்தனம் பூசியது யார்? நாச்சிமுத்து. கருவிகளுக்குச் சந்தனம் பூச வேண்டும் என்று ஆலையின் கையேட்டில் எங்காவது உண்டா? இல்லை. இரண்டும் உண்மை. நான் பொய் சொல்லிப் பழகியவள் அல்ல. முதலாளிக்காகவும் சொல்ல மாட்டேன், உங்களுக்காகவும் சொல்ல மாட்டேன்.

எழுந்துவிட்டீர்கள். உட்காருங்கள், நான் இன்னும் முடிக்கவில்லை. உங்களுக்கு உதவக் கூடாது என்று எனக்கு ஒன்றும் இல்லை. சட்டத்தில் வழி இருக்கிறது. நானே சொல்லித் தருகிறேன், யாரும் சொல்லித் தரமாட்டார்கள். சாட்சியைக் குறுக்குவிசாரணை செய்ய உங்கள் கணவருக்கு உரிமை உண்டு. அவர் என்னை எதை வேண்டுமானாலும் கேட்கலாம். 'ஆயுதபூஜை அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள்?' என்று கேட்கட்டும். 'பழைய கையேட்டில் என்ன இருந்தது?' என்று கேட்கட்டும். 'தொட்டி வாயில் நின்று வாடை ஜாஸ்தி என்று நான் சொன்னபோது உங்களுக்கும் அடித்ததா?' என்று கேட்கட்டும். கேட்டால் ஒன்றுவிடாமல் சொல்வேன். எனக்கென்ன பயம்?

நீங்கள் கேட்க முடியாது. வெளியாட்களை உள்ளே விடுவதில்லை. கூட வேலை செய்கிறவர் யாராவது அவருக்காகப் பேசலாம். ஆனால் யாரும் முன்வரவில்லை என்று கேள்விப்பட்டேன். வருத்தமாகத்தான் இருக்கிறது, இவ்வளவு பாவம் பார்க்கிறவர்களில் ஒருவராவது வரலாம். ஆகவே அவரேதான் கேட்க வேண்டும். இருமல் எப்படி இருக்கிறது? அன்றைக்கு மருத்துவமனையில் பார்த்தபோது இரண்டு சொல் சேர்த்துச் சொல்வதற்குள் மூச்சு அடைத்துக்கொண்டதே. இப்போது பரவாயில்லையா? இல்லையா?

இல்லையென்றால் சிரமம்தான். முழுக் கேள்வியாகக் கேட்க வேண்டும் சுகந்தி. பாதிக் கேள்விக்கு நான் பதில் சொல்லக் கூடாது.